நான் படுத்திருந்த மாதங்களில் குதிரைகளைப் பார்த்துக்கொண்ட விதம்

சிக்குன்குனியாவில் காய்ச்சல் ஒரு வாரத்துக்குள் இறங்கிவிடும். மூட்டுவலிதான் ஆளை விடாது. எனக்கு மணிக்கட்டும் விரல் கணுக்களும் கணுக்காலும் வீங்கி, காலையில் ஒரு டம்ளரைப் பிடிக்கவே இரண்டு கையும் வேண்டியிருந்தது. மாதக்கணக்கில் இழுத்தாலும் இழுக்கும் என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார்.

தாராபுரம் பக்கம் தோட்டத்து வீட்டில் இருக்கிறோம். கணவருக்குத் திருப்பூரில் வேலை, சனிக்கிழமை இரவுதான் வருவார். லாயத்தில் இரண்டு பேர். அந்தியூரில் ஆடி மாதம் நடக்கும் குருநாதசாமி கோயில் சந்தையில் வாங்கிய கத்தியவாரி இனப் பெண்குதிரை செம்பி, அப்புறம் குட்டையன் என்கிற மட்டக்குதிரை. ஆள் வைத்துப் பராமரிப்பவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. தானே தீனி போட்டு, தானே லத்தி அள்ளி, ஒன்றிரண்டு குதிரை வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உடம்புக்கு முடியாமல் போகும் நாள் அவர்களுக்கும் வரும்.

முதல் வேலையாக, கட்டிலில் படுத்தபடியே தினசரி வேலைகளை மனசுக்குள் பிரித்துப் பார்த்தேன். சவாரி, குளிப்பாட்டுவது, பிடரியைச் சீவிவிடுவது, தோல் சாமான்களுக்கு எண்ணெய் போடுவது எல்லாம் நின்றால் குதிரைக்கு ஒன்றும் ஆகாது. தண்ணீர், நார்த்தீனி, லத்தி அள்ளுவது, குளம்பைச் சுத்தம் செய்வது, காலாற அவிழ்த்துவிடுவது, இவை ஒரு நாளும் நிற்கக் கூடாது. இவற்றோடு இன்னொன்றும் உண்டு. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவையாவது தெரிந்த கண் ஒன்று குதிரையை நின்று பார்க்க வேண்டும். அதைத்தான் இன்னொருவரிடம் ஒப்படைப்பது கஷ்டமாக இருந்தது.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியம்மா காலையிலும் மதியமும் வருவதாகச் சொன்னார். பாலிடெக்னிக்கில் படிக்கும் என் தம்பி மகன் சாயங்காலம் வந்து இரவுத் தீனி வரைக்கும் இருந்துவிட்டுப் போவான். இரண்டு பேரும் மாட்டோடு வளர்ந்தவர்கள், அதனால் பயம் கிடையாது. ஆனால் மாட்டுப் பழக்கத்தை அப்படியே குதிரைக்குக் கொண்டுவந்தால் ஆபத்து. முதல் நாளே இரண்டு பேரையும் கட்டில் பக்கத்தில் உட்காரவைத்து இதைத்தான் பேசினேன்.

மாடு அள்ளித் தின்றுவிட்டு நிழலில் படுத்து அசைபோடும். குதிரை அசைபோடாது. உடம்போடு ஒப்பிட்டால் அதன் இரைப்பை மிகச் சின்னது, அமிலம் மட்டும் நாள் முழுக்கச் சுரந்துகொண்டே இருக்கும். அதனால் இரண்டு வேளை மொத்தமாகப் போட்டுவிட்டுப் போக முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி தின்னவேண்டும். வயிறு வெகுநேரம் காலியாகக் கிடந்தால் புண் வரும். குதிரைக்கு வாந்தியும் வராது, தின்றது ஒத்துக்கொள்ளாவிட்டால் வெளியே தள்ள அதற்கு வழியே இல்லை.

இதைவிட அழுத்திச் சொன்னது தீவனத்தைப் பற்றி. எங்கள் பக்கம் எல்லாத் தோட்டத்திலும் மாட்டுத் தீவன மூட்டை இருக்கும், கோழிப் பண்ணைகளும் உண்டு. கோழித் தீவனத்திலும் சில மாட்டுத் தீவனங்களிலும் மோனென்சின் போன்ற மருந்து கலந்திருக்கலாம். கோழியும் மாடும் அதைத் தாங்கும். குதிரைக்குக் கொஞ்சம் போனாலும் இதயத் தசை கெட்டு உயிரே போய்விடும். யூரியா சேர்த்த தீவனமும் நக்குகட்டியும் கூடாது. மாட்டு உண்ணிக்கு அடிக்கிற அமிட்ராஸ் மருந்தைக் குதிரை மேல் அடித்தால் குடல் இயக்கம் நின்று வயிறு கட்டிக்கொள்ளும். இவை எதையும் பெரியம்மா கேள்விப்பட்டதே இல்லை, கேள்விப்பட வேண்டிய அவசியமும் அவருக்கு இருந்ததில்லை. பிரியத்தில் ஒரு கை தீவனம் அள்ளிப் போடுகிற மனசு அவருக்கு. அதனால்தான் கறாராகவே சொன்னேன்: "பெரியம்மா, நான் எடுத்து வெச்சதத் தவிர ஒரு பிடிகூட வேற எதுவும் போட்ராதீங்க."

எடுத்து வைப்பதையும் முடிந்தவரை சுலபமாக்கினோம். செம்பிக்கு 350 கிலோ எடை என்று வைத்தால், அதில் நூற்றுக்கு இரண்டு பங்கு, அதாவது 7 கிலோ காய்ந்த தீனி ஒரு நாளைக்கு வேண்டும். கணவர் ஞாயிற்றுக்கிழமை தராசில் நிறுத்து, சோளத்தட்டையும் காய்ந்த புல்லையும் வேளைக்கு ஒரு கட்டாகக் கட்டி அடுக்கிவிடுவார். வருகிறவர் கட்டை அவிழ்த்துப் போட்டால் போதும், கை அளவு, கண் அளவு என்று யோசிக்க வேண்டியதில்லை. இரவுத் தீனியை மட்டும் சின்னக் கண்ணி வைத்த கயிற்று வலையில் அடைத்துத் தொங்கவிட்டோம். உருவி உருவித் தின்ன நேரமாகும் என்பதால் விடியும் வரை வாய்க்கு வேலை இருக்கும்.

பச்சைத் தீனியாகக் குதிரைமசால் கொஞ்சம் தவறாமல் போட்டோம். கோ-4 என்கிற தீவனப் புல் வரப்போரம் தாராளமாக வளர்ந்து நின்றது. பெரியம்மாவுக்கு அதை அறுத்துப் போடத்தான் ஆசை. ஆனால் அதிலிருக்கும் ஆக்சலேட் உடம்பில் சுண்ணாம்புச் சத்து சேரவிடாது. அதையே முக்கியத் தீனியாக்கி மாதக்கணக்கில் கொடுத்தால் எலும்பு பலம் இழந்து முகம் வீங்கும். குதிரைமசாலில் சுண்ணாம்புச் சத்து நிறைய இருப்பதால் புல்லைக் குறைவாகவும் மசாலை ஒழுங்காகவும் வைத்துக்கொண்டோம். வெட்டிய பச்சையைக் குவித்து வைத்தால் உள்ளே சூடேறிப் பூசணம் பிடிக்கும், அதனால் அன்றன்றைக்கு அறுத்ததை அன்றன்றைக்கே போட்டுவிட வேண்டும் என்றும் சொல்லிவைத்தேன்.

கொள்ளு விஷயத்தில்தான் எங்களுக்குள் இழுபறி. சவாரி நின்ற அன்றைக்கே கொள்ளையும் ஓட்ஸையும் பாதிக்கும் கீழே குறைக்கச் சொல்லிவிட்டேன். பெரியம்மாவுக்கு மனசே ஆகவில்லை. "நீ படுத்துக் கெடக்கறேன்னு அதுக வவுத்துலயுமா கை வெக்கறது கண்ணு?" என்று கேட்டுவிட்டார். வேலை செய்கிற குதிரைக்குப் போடுகிற தானியத்தைக் கட்டிக் கிடக்கிற குதிரைக்குப் போட்டால், மறுபடி வேலை வாங்கும் நாளில் இடுப்புத் தசை கட்டையாக இறுகி, வேர்த்து விறுவிறுத்து, ஒரு அடி எடுத்துவைக்க முடியாமல் நின்றுவிடும். ஓய்வு நாளிலும் முழுத் தீனி தின்று மறுநாள் வண்டியில் பூட்டிய குதிரைகளுக்கு இது அடிக்கடி வந்ததால் ஆங்கிலத்தில் இதற்குத் திங்கட்கிழமை நோய் என்றே பெயர் இருந்திருக்கிறது. தானியம் அதிகமானால் குளம்புக்குள் வீக்கம் வந்து முடமாவதும் உண்டு, குட்டையன் மாதிரி மட்டக்குதிரைகளுக்கு அந்தப் பயம் இன்னும் கூடுதல். குட்டையனுக்குக் கொள்ளை அடியோடு நிறுத்தி, கோதுமைத் தவிடு ஒரு கை, கல் உப்பு, தாது உப்பு மட்டும் என்று ஆக்கினோம். புல் வயிறு நிறையக் கிடைக்கிறது, பட்டினி இல்லை என்று பக்கத்தில் உட்கார்ந்து திரும்பத் திரும்பச் சொன்ன பிறகுதான் பெரியம்மா சமாதானமானார்.

தண்ணீர் சுமப்பது பெரிய பாரம். ஒரு குதிரை சாதாரண நாளிலேயே 25 முதல் 40 லிட்டர் குடிக்கும், வெயில் காலத்தில் அதற்கும் மேலே போகும். அறுபது வயதைத் தாண்டியவரை வாளி தூக்கவைக்க எனக்கு மனசில்லை. மோட்டார் ரூமிலிருந்து ஓஸ் இழுத்துத் தொட்டியில் நேராக விழும்படி தம்பி மகன் செய்துகொடுத்தான். தொட்டிக்குள்பக்கம் ஒரு கோடு போட்டு, காலையில் கோடு வரை நிரப்பி, மாலையில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று எனக்குச் சொல்லவேண்டும் என்பது ஏற்பாடு. வாரம் ஒரு தடவை தொட்டியைக் கவிழ்த்துத் தேய்த்துக் காயவைப்பான். தேங்கிய நல்ல தண்ணீரில்தான் சிக்குன்குனியாக் கொசு முட்டையிடும். வீட்டில் ஒருத்தி படுத்தது போதும்.

லாயச் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு தாளை ஒட்டினோம். செய்யவேண்டிய வேலைகளை மேலே நாலு வரியில் முடித்துவிட்டு, மீதி இடம் முழுக்கப் பார்க்க வேண்டியவற்றை எழுதினேன். தீனியை மிச்சம் வைத்ததா? லத்தி எத்தனை குவியல், உருண்டை ஈரமாக இருந்ததா? நல்ல குதிரை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை லத்தி போடும். நாலு காலிலும் ஒரே மாதிரி ஊன்றி நிற்கிறதா, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறதா, தரையைக் காலால் பறிக்கிறதா, ஈறு இளஞ்சிவப்பாக இருக்கிறதா. தம்பி மகன் தினமும் லத்தியைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புவான். யாராவது பார்த்தால் சிரிப்பார்கள்தான். ஆனால் கட்டிலில் கிடந்த எனக்கு அந்த ஒரு போட்டோவைவிட நம்பிக்கை கொடுத்த செய்தி வேறில்லை. என் கட்டிலையும் ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டார்கள். அங்கிருந்து பார்த்தால் வேலியடைத்த காலி இடம் தெரியும். செம்பி நடப்பதைப் பார்த்தாலே அன்றைக்கு அவள் எப்படி இருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

குதிரையோடு வேலை செய்கிறவருக்கு அடிபடக் கூடாது என்பதும் என் பொறுப்புத்தான். பின்பக்கமாகச் சத்தமில்லாமல் போகக் கூடாது, பேசிக்கொண்டே தோள்பக்கம் போகவேண்டும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சைத்தான் போடவேண்டும். குட்டையன் கடிப்பான் என்பதால் லத்தி அள்ளும்போது அவனை வெளியே விட்டுவிடச் சொன்னேன். குளம்பைத் தூக்கிச் சுத்தம் செய்வதைத் தம்பி மகன் மட்டுமே செய்தான், பெரியம்மாவைக் குனியவே விடவில்லை. லாடக்காரர் வந்தபோது செம்பியின் லாடத்தைக் கழற்றி, குளம்பை மட்டும் சீவிவிடச் சொன்னேன். ரோட்டில் ஓடாத குதிரைக்கு வெறுங்கால் போதும், ஆணி தளர்கிறதா என்ற கவலையும் மிச்சம். லாடம் இல்லாவிட்டாலும் 6 முதல் 8 வாரத்துக்கு ஒரு தடவை சீவியே ஆகவேண்டும்.

ஒரு சாயங்காலம் போன் வந்தது. "அத்தை, செம்பி காலைல இருந்து ரெண்டு குமிதான் போட்டிருக்கு. தண்ணியும் கோட்டுக்குக் கீழ கொஞ்சந்தான் எறங்கியிருக்குது. படுத்துப் படுத்து எந்திரிக்குது." அதற்கு முந்தின இரண்டு நாளாக மழைச் சாரல், நல்ல குளிர். குளிரில் தண்ணீரைக் குறைத்துக்கொண்டு காய்ந்த தட்டைத் தின்றால் குடலில் அடைத்துக்கொள்ளும். கண்ணில் படுகிற தீனி அத்தனையையும் எடுத்துவிடச் சொன்னேன். தெர்மாமீட்டர் வைத்ததில் 100 டிகிரி ஃபாரன்ஹீட், அது சரியான அளவுதான். தாடைக்குக் கீழே விரல் வைத்து நாடி எண்ணினான், 52. சும்மா நிற்கிற குதிரைக்கு 44-க்குள் இருக்கவேண்டும். வலி இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டோம். அவர் வரும்வரை மெதுவாக நடத்தச் சொன்னார். எண்ணெய், கஷாயம் எதையும் வாயில் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும் என்றும் போனிலேயே எச்சரித்தார். வந்து வலிக்கு ஊசி போட்டு, மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் விட்டுத் தண்ணீரும் உப்பும் ஏற்றினார். நடுராத்திரிக்கு மேல் லத்தி விழுந்தது. குடல் முறுக்கிக்கொண்டிருந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத்தான் ஏற்றிப் போக வேண்டியிருக்கும் என்றார். லாயத்துத் தாளில் எழுதியிருந்ததை அந்தப் பையன் மனசில் வாங்கியிருந்ததால்தான் விஷயம் ஆரம்பத்திலேயே பிடிபட்டது. இருபது வயதில் அவ்வளவு கவனம். அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். மறுநாளிலிருந்து தட்டைத் தண்ணீரில் நனைத்துப் போட்டோம், குளிர் நாளில் தவிட்டைக் கஞ்சிபோல் இளஞ்சூட்டில் உப்புப் போட்டுக் கரைத்துக் கொடுத்தோம்.

நோயை மறைத்து வீம்புக்கு லாயத்துக்குள் போகாமல் இருந்தது எனக்கு நல்லதாகப் போயிற்று. பிடிக்க வலுவில்லாத கையில் கயிறு இருப்பது குதிரைக்கும் ஆபத்து, நமக்கும் ஆபத்து. விரல்கள் கொஞ்சம் மடங்க ஆரம்பித்ததும் பிரஷ் பிடித்தேன், அதுவும் கழுத்தும் தோளும் மட்டும். செம்பி தலையை இறக்கி என் தோளில் மூச்சுவிட்டுக்கொண்டு அசையாமல் நின்றாள். அந்தச் சுகத்துக்காகவே வலியைப் பொறுத்துக்கொண்டு நின்றேன். அப்புறம் கயிற்றில் பிடித்து நடத்தினேன். சவாரி ஆரம்பித்தபோது முதல் சில வாரம் வெறும் நடைதான். மாதக்கணக்கில் சும்மா நின்ற குதிரையின் தசையும் தசைநாரும் மெல்ல மெல்லத்தான் பழைய பலத்துக்கு வரும். நடை, பிறகு கொஞ்சம் மெல்லோட்டம் என்று கூடக் கூடத்தான் கொள்ளையும் கைப்பிடி கைப்பிடியாகக் கூட்டினோம். அதைக் கூட்டும் பொறுப்பைப் பெரியம்மாவிடமே கொடுத்துவிட்டேன்.

பெரியம்மா பணம் வாங்க மறுத்துவிட்டார். அதனால் குதிரை லத்தி எரு ஒரு டிராக்டர் லோடு அவர் தென்னைகளுக்குப் போயிற்று, இனி வருஷா வருஷம் போகும். தம்பி மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போதும் வருகிறான். அவனுக்குச் சவாரி சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருக்கிறேன். லாயத்துத் தாளில் பழைய வரிகளுக்குக் கீழே அவனாகவே ஒரு வரி சேர்த்திருக்கிறான்: "மழை பெய்தால் தண்ணீர்க் கோட்டை இரண்டு தடவை பார்."