போயாவுக்கு முதல் நாள்

2025 மே 11, ஞாயிறு

நாளையும் மறுநாளும் வெசாக், பௌர்ணமிப் போயா விடுமுறை. சாராயக்கடை இரண்டு நாளும் பூட்டு. வெள்ளவத்தையில் வரிசை காலி வீதி வரைக்கும் வந்துவிட்டது. பஸ்ஸுக்கு முண்டியடிக்கிற சனம் இதற்கு மட்டும் எவ்வளவு ஒழுங்காக நிற்கிறது! நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன். இரண்டு நாளைக்கு இரண்டு அரைப் போத்தல், கைகாவலாக ஒரு கால் என்று மனதிலேயே போட்டுவிட்டேன். மகள் வெசாக் விளக்குக் கூடு கட்ட டிஷ்யூ பேப்பர் கேட்டிருந்தாள். அது மறந்துபோயிற்று.

மே 13, செவ்வாய்

கணக்கு பிழைத்துவிட்டது. நேற்று இரவே எல்லாம் முடிந்தது. காலையில் மனைவி தேத்தண்ணி தந்தாள். கோப்பையை எடுத்தால் சாசரோடு மோதிக் கிலுகிலுவென்று சத்தம். இரண்டு கையாலும் பிடித்தேன், நிற்கவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் சாசரை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். பின்னேரம் "அப்பா, கூடு பாக்கப் போவமா?" என்று மகள் கேட்டாள். காய்ச்சல் என்றேன். வியர்த்து ஊற்றியதால் நம்பியிருப்பாள்.

மே 14, புதன்

டொக்டரிடம் போனேன். "இனி ஒரு சொட்டும் தொடமாட்டேன்" என்று வீரமாகச் சொன்னேன். அவர் என் கைகளை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, அப்படித் திடீரென்று நீங்களாக நிறுத்தக்கூடாது என்றார். நெடுநாள் குடித்த உடம்பு ஒரேயடியாக விட்டால் இரண்டு நாளுக்குள் வலிப்பே வரலாமாம், சிலருக்கு உயிருக்கே ஆபத்தாம். எனக்கு இது தெரியாது. தெரியாத எத்தனை பேர் சாமிக்கு நேர்ந்துகொண்டு நிறுத்துகிறார்கள்! டயசிபாம், நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டு வரும்படி. கூடவே விற்றமின் பி1. "நடுக்கத்துக்குத்தான் குளிசை. மிச்சத்துக்கு ஆட்கள் வேணும்."

மே 20, செவ்வாய்

1927 என்ற இலக்கத்துக்கு எடுத்தேன். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் ஆலோசனை இலக்கம் அது. குடியை விட உதவுகிற இடம், சுமித்ரயோ தொண்டு அமைப்பின் மெல் மெதுர, அதைப் பற்றியும் விசாரித்தேன். கடைசியில் அலுவலகத்தில் ஒருவர், தன் மச்சானைக் காப்பாற்றியது என்று ஏ.ஏ. கூட்டம் ஒன்றைச் சொன்னார். அல்கஹோலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடுவது. ஒரு தேவாலயத்தின் பின்பக்க அறை. ஆறு மணிக்குப் போனேன். எதிர்ப்பக்க ஹோல்ட்டில் நின்றபடி மூன்று 100ஆம் இலக்க பஸ்களை விட்டேன். நாலாவதில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மே 27, செவ்வாய்

இன்று உள்ளே போனேன். பதினொரு பேர், பிளாஸ்டிக் கதிரைகள், பிளேன்டீ, மாரி பிஸ்கட். சிங்களமும் ஆங்கிலமும் கலந்து ஓடியது. முழுப்பெயர் கேட்கவில்லை, வேலை கேட்கவில்லை, பணமும் கேட்கவில்லை. ஒரு தட்டு சுற்றி வந்தது, விரும்பினால் போடலாம். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லையாம். சேர ஒரே தகுதி, குடியை விடவேண்டும் என்ற விருப்பம். அது இருக்கிறதா என்று சோதிக்கவும் யாருமில்லை.

என் முறை வந்தது. "அயாம் அன் அல்கஹோலிக்" என்றேன். வங்கிப் படிவம் நிரப்புவதுபோல இலேசாக வந்துவிட்டது. அதுதான் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

பஸ்ஸில் தமிழில் சொல்லிப் பார்த்தேன், வாய்க்குள்ளேயே. முடியவில்லை. ஊரில் தவறணையிலிருந்து அப்பா திரும்பும்போது படலையில் நின்று அம்மா சொன்ன சொல் அது. எங்கள் வீட்டில் அது அப்பாவின் பெயர்.

மே 30, வெள்ளி

சம்பள நாள். குடித்தேன். எழுத வேறு ஒன்றுமில்லை.

ஜூன் 3, செவ்வாய்

போகவே வெட்கமாக இருந்தது, ஆனாலும் போனேன். வெள்ளிக்கிழமையைச் சொன்னேன். யாரும் உச்சுக்கொட்டவில்லை. கொட்டாஞ்சேனைக்காரர் ஒருவர், எழுபது இருக்கும், பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டார். பிறகு வாசலில், "தம்பி தமிழோ?" என்றார்.

வீட்டில் ஒன்றைக் கவனித்தேன். வெசாக்கிலிருந்து எனக்கு மக்கில்தான் தேத்தண்ணி வருகிறது. சாசர் இல்லை.

ஜூன் 9, திங்கள்

நாளை பொசன் போயா. அதே வரிசை. நண்பன் தூரத்திலேயே, "மச்சான், வா, இடம் பிடிச்சு வச்சிருக்கிறன்!" என்று கத்தினான். நல்ல மனம்தான். கையைக் காட்டிவிட்டு எதிர்ப்பக்கத்தால் நடந்தேன். மருந்துக்கடை வாசலில் நின்று மூச்சு வாங்கினேன், ஏதோ ஓடி வந்தவன் மாதிரி.

ஜூன் 10, செவ்வாய்

போயா என்றாலும் கூட்டம் நடந்தது. கொட்டாஞ்சேனை ஐயா இன்று தொண்ணூறு வருடம் என்றார். 1935 ஜூன் 10, அமெரிக்காவில் அக்ரன் நகரத்தில், ஏ.ஏ.யைத் தொடங்கிய இருவரில் ஒருவரான டொக்டர் பொப் கடைசியாகக் குடித்த நாள். அதைத்தான் ஏ.ஏ. தொடங்கிய நாளாகக் கொள்கிறார்கள். அவர் சத்திரசிகிச்சை நிபுணர். அன்று ஒரு சத்திரசிகிச்சை இருந்தது. கை நடுங்காமல் இருக்க, மற்றவரான கூட்டாளி பில்லே ஒரு பியர் கொடுத்தாராம். அதுதான் கடைசி.

கத்தி பிடிக்கிற கை! நான் என் சாசரை நினைத்துக்கொண்டேன்.

என் முறை. ஆங்கிலத்தில் தொடங்கி நின்றுவிட்டேன். "தமிழிலயே சொல்லுங்கோ, தம்பி" என்றார் ஐயா. அறையில் தமிழ் விளங்குகிறவர் அவர் ஒருவர்தான்.

"நான் ஒரு குடிகாரன்."

குரல் அம்மாவுடையதுபோல இருந்தது. பிறகு அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொன்னேன், படலையைப் பற்றி. விளங்காதவர்களும் முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

எத்தனை நாள் என்று கேட்டார்கள். பதினொன்று. மே மாதத்தில் குடிக்காதிருந்த நாட்களையும் சேர்த்துச் சொல்ல ஒரு கணம் நாக்கு உன்னியது, கணக்குக்காரப் புத்தி.

அடுத்த செவ்வாய் பிஸ்கட் வாங்குவது என் முறை.