பசிக்காமல் சாப்பிடப் பழகுகிறேன்

ஜனவரி 4

நாளை மறுநாள் ஆபரேஷன். கேஸ்ட்ரிக் பைபாஸ்: எடை குறைய, இரைப்பையைச் சின்னதாக்கி, குடலின் தொடக்கப் பகுதியைத் தாண்டிக் கீழே இணைப்பது. இரண்டு வாரமாகப் புரோட்டீன் பானம், தெளிந்த சூப், வேகவைத்த காய் என்றே ஓடுகிறது. எடை குறைக்கத்தான் இந்தப் பத்தியம் என்று நினைத்திருந்தேன். கல்லீரலைச் சுருக்கத்தானாம். கொழுப்பு படிந்து வீங்கிய கல்லீரல் இரைப்பையை மூடிக்கொண்டு கிடக்கும். அது சுருங்கினால்தான் சர்ஜனுக்கு உள்ளே வேலை செய்ய இடம் கிடைக்கும். காரணம் தெரிந்த பிறகு பத்தியம் கொஞ்சம் லேசாகத் தெரிகிறது.

பசி மட்டும் லேசாகவில்லை. சாப்பிட்டு எழுந்த கையோடு மறுபடியும் பசிக்கும் உடம்பு எனக்கு. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சொன்னால் யாரும் நம்பியதில்லை. "நாக்கை அடக்கு" என்பார்கள். நாக்கு இல்லை, வயிறுதான் என்று எத்தனை பேரிடம்தான் சொல்வது?

ஜனவரி 7

நேற்று முடிந்தது. வயிற்றில் சின்னச் சின்னத் துளைகள், மேலே பிளாஸ்திரி. மாலையே எழுப்பி நடக்க விட்டார்கள். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போய்விடலாம். அதனால்தான் அழுத்தமான காலுறையும், ரத்தம் உறையாமலிருக்க ஊசியும், இந்த நடையும்.

வயிற்றை விடத் தோள்பட்டைதான் அதிகம் வலிக்கிறது. சின்னத் துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோபிக்காக வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்ஸைடு நிரப்புகிறார்கள். மிச்சமிருக்கும் வாயு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்துகிறது. உதரவிதானத்துக்கும் தோளுக்கும் நரம்புத் தொடர்பு இருப்பதால் வலி தோளில் தெரிகிறதாம். "நடங்கம்மா, நடந்தாத்தான் போகும்" என்றார் நர்ஸ். நடந்தேன். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது.

மருந்து ஊற்றும் குட்டிக் கப்பில் தண்ணீர் கொடுத்தார்கள். 30 மில்லி. அதைக் கால் மணி நேரம் வைத்துக்கொண்டு குடிக்க வேண்டும். என் புது இரைப்பையின் அளவே ஏறக்குறைய அவ்வளவுதான். உதட்டை நனைத்து, வாயில் வைத்திருந்து, விழுங்கினேன். நெஞ்சுக்குக் கீழே போய் நிற்பது அப்படியே தெரிந்தது. தண்ணீர் இறங்குவதை இதற்கு முன் உணர்ந்ததே இல்லை.

காலையில் பார்த்த சுகர் வெகுவாகக் குறைந்திருக்கிறது. எடை இன்னும் இறங்கவே இல்லை, அதற்குள் சுகர் இறங்கிவிட்டது. மாத்திரையைக் குறைத்துவிட்டார்கள். எத்தனை வருடமாக அதோடு மல்லுக்கட்டினேன்! அழுகை வந்துவிட்டது.

ஜனவரி 10

வீட்டுக்கு வந்தாயிற்று. அனுப்பும்போது சொன்னதைக் கணவர் ஒரு தாளில் எழுதி ஒட்டியிருக்கிறார்: காய்ச்சல், மூச்சுத்திணறல், ஏறிக்கொண்டே போகும் வயிற்றுவலி, நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டி நிற்பது. இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தையல் போட்ட இடத்தில் கசிவு இருந்தால் உடம்பு முதலில் காட்டும் அடையாளங்கள் இவைதான். காலையும் மாலையும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்க்கிறார். எல்லாம் சரியாக இருக்கிறது.

ஜனவரி 14

பசிக்கவே இல்லை.

கொஞ்சமாகப் பசிக்கிறது என்று சொல்லவில்லை. பசி என்கிற ஒன்றே உடம்பில் இல்லை. வயிறு சிறிதானதால் சீக்கிரம் நிறைந்துவிடும் என்றுதான் எதிர்பார்த்தேன். இது வேறு. சாப்பாடு இப்போது முன்னைவிட வேகமாகக் குடலின் கீழ்ப்பகுதிக்குப் போய்விடுகிறது. அங்கே ஜிஎல்பி-1, பிஒய்ஒய் என்ற ஹார்மோன்கள் நிறையச் சுரந்து, போதும் என்று மூளைக்குச் சொல்கின்றன. இன்சுலின் நன்றாகச் சுரப்பதற்கும் ஜிஎல்பி-1 உதவுகிறது. சுகர் இவ்வளவு சீக்கிரம் இறங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்படியென்றால் இத்தனை வருடம் என்னைத் துரத்தியதும் ஹார்மோன்தானே? மனக்கட்டுப்பாடு இல்லாதவள் என்று பேர் வாங்கினேனே, அது எந்தக் கணக்கில் சேரும்? நேற்றிரவு இதையே நினைத்துக்கொண்டு விழித்திருந்தேன். கோபமும் வருகிறது, நிம்மதியும் வருகிறது.

இன்னொன்றும் இருக்கிறது, அதை இங்கே எழுதத்தான் வேண்டும். பசி போனது எனக்குச் சந்தோஷமாக மட்டும் இல்லை. சமையலறையில் வாசனை வருகிறது, எழுந்து போகத் தோன்றவில்லை. மாலை ஆகிறது, எதையும் எதிர்பார்க்கத் தோன்றவில்லை. ஒவ்வொரு நாளையும் அந்தப் பசிதான் தாங்கி நிறுத்தியிருந்திருக்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு பலருக்கு மனச்சோர்வு வருகிறது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். மனநல ஆலோசகரிடம் அடுத்த வாரம் பேசப் போகிறேன்.

ஜனவரி 23

இப்போது கெட்டியான திரவங்கள். பால், மோர், வடிகட்டாத சூப், புரோட்டீன் பவுடர் கலந்த பானம். ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம், ஒன்றரை லிட்டர் திரவம் என்பது டயட்டீஷியன் கொடுத்த இலக்கு. புரதம் குறைந்தால் கொழுப்போடு சேர்ந்து தசையும் கரைந்துவிடும். கேட்க எளிது. ஒரு வாய்க்கு மேல் கொள்ளாத வயிற்றில் ஒன்றரை லிட்டர் போக வேண்டுமென்றால் விழித்திருக்கும் நேரம் முழுவதும் கையில் ஒரு டம்ளர் இருக்க வேண்டும். ஸ்ட்ரா கூடாது, காற்று உள்ளே போகும். சோடா வகை எதுவும் கூடாது.

நாக்கும் மாறிவிட்டது. பிடித்த வெனிலா பவுடர் திகட்டுகிறது. உப்புச் சுவையுள்ளதுதான் இறங்குகிறது.

ஜனவரி 31

எடை அசையவில்லை. மூன்றாவது வாரத்தில் இப்படி நிற்கும் என்று சொல்லியிருந்தார்கள். ஆரம்பத்தில் மளமளவென்று இறங்கியதில் பெரும்பகுதி நீர். தசையிலும் கல்லீரலிலும் சேமித்த கிளைகோஜன் என்ற சர்க்கரைக் கையிருப்பு கரையும்போது அதோடு பிடித்துவைத்த நீரும் வெளியேறுகிறது. பிறகு உடம்பு அதைச் சரிக்கட்டிக்கொள்ளும் வரை தராசு நிற்கும். தராசைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். வாரம் ஒரு முறை போதும்.

பிப்ரவரி 9

மசித்த உணவிலிருந்து மென்மையான உணவுக்கு. முந்தாநாள் வேகவைத்த முட்டை பாதி சாப்பிட்டேன், சுகமாக இறங்கியது. இன்று அதே முட்டை, அதே அளவு, அதே மெதுவான மெல்லல். மூன்றாவது வாய் நெஞ்சுக்கூட்டுக்கு நடுவில் நின்றுவிட்டது.

வலி என்று சொல்ல முடியாது. உள்ளிருந்து ஒரு கட்டைவிரலை வைத்து அழுத்துகிற மாதிரி இருந்தது. வாயில் உமிழ்நீர் ஊறிக்கொண்டே இருந்தது, விழுங்கினால் கீழே போகாமல் திரும்பி வந்தது. கெட்டியான, வெள்ளை நுரை. தண்ணீர் குடித்துத் தள்ளிவிடலாம் என்று கை போகும். போகக் கூடாது. அடைத்திருக்கும் இடத்துக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் இன்னும் மோசம். எழுந்து நின்றேன், கூடத்தில் மெதுவாக நடந்தேன், நுரையைத் துப்பினேன். அரை மணி நேரத்தில் தானாக விட்டது. அப்புறம் மாலை வரை திரவம் மட்டும்தான்.

டயட்டீஷியனிடம் போனில் கேட்டேன். காலையில் புது வயிறு கொஞ்சம் இறுகியிருக்கும், சிலருக்குப் பிற்பகலில்தான் தாராளமாக இறங்கும் என்றார். வாந்தி நாள் கணக்கில் தொடர்ந்தால் மட்டும் உடனே வரச் சொன்னார். உடம்பில் தையமின், அதாவது வைட்டமின் பி1, கையிருப்பு குறைவு. தொடர் வாந்தியில் அது தீர்ந்துபோனால் மூளை நரம்பே பாதிக்கப்படும். ஆபரேஷன் செய்துகொண்ட ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய விஷயம் இது.

பிப்ரவரி 21

எல்லோரோடும் மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். சின்னத் தட்டு, சின்ன ஸ்பூன். முதலில் மீன், பிறகு காய், இடமிருந்தால் கடைசியில் ஒரு ஸ்பூன் சோறு. தண்ணீர் பக்கத்தில் இல்லை. சாப்பிடும்போதும், சாப்பிட்டு அரை மணி நேரத்துக்கும் குடிக்கக் கூடாது. குடித்தால் உணவைக் கழுவித் தள்ளிவிடும், அந்தச் சிறு இடத்துக்குள் இரண்டுக்கும் இடமும் கிடையாது.

அம்மா என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்ளோதானா? இன்னும் ரெண்டு வாய் வாங்கிக்கம்மா" என்றார். நான் குண்டாக இருந்த காலத்தில் என் தட்டை எட்டிப் பார்த்துக் கவலைப்பட்டதும் இதே அம்மாதான். இரண்டும் அக்கறைதான், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. "போதும்மா, மூணு மணிக்கு மறுபடி சாப்பிடுவேன்" என்றேன். மூன்று மணிக்கு என்னோடு வந்து உட்கார்ந்து, நான் தயிர் சாப்பிட்டு முடிக்கும் வரை பேசிக்கொண்டிருந்தார்.

மணி அடித்தால் சாப்பிடுகிறேன். போனில் அலாரம் வைத்திருக்கிறேன். பசித்தவர்கள் சாப்பிடுவதில் கடமை என்று ஒன்றும் இல்லை. எனக்கு இப்போது அது கடமை. என் உடம்பை நான் இவ்வளவு கவனமாக ஊட்டி வளர்த்ததே இல்லை.

மார்ச் 15

ஒரு வீட்டில் கஸ்டர்ட் கொடுத்தார்கள். இரண்டு ஸ்பூன் சாப்பிட்டேன். கால் மணி நேரம் கழித்து நெஞ்சு படபடவென்று அடித்தது, நெற்றியெல்லாம் வியர்வை, வயிற்றைப் பிசைந்தது. படுக்க இடம் கேட்டு ஒரு மணி நேரம் படுத்துவிட்டேன். டம்பிங் என்கிறார்கள். இரைப்பையில் தங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டிய சர்க்கரை மொத்தமாகக் குடலுக்குள் கொட்டிவிடுகிறது, அதை நீர்க்கச் செய்ய ரத்தத்திலிருந்து நீர் குடலுக்குள் இழுக்கப்படுகிறது. இதில் இன்னொரு வகையும் உண்டு. சாப்பிட்டு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்தில் இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்து சுகர் கீழே போய்விடும். நடுக்கம், கண்ணிருட்டல் வரும். வண்டி ஓட்டும்போது வந்தால் ஆபத்து.

ஏப்ரல் 26

தலை வாரினால் சீப்பு நிறைய முடி. ஆபரேஷனும் வேகமான எடைக்குறைவும் உடம்புக்கு அதிர்ச்சி. அந்த அதிர்ச்சியில் ஒரே நேரத்தில் ஓய்வுநிலைக்குப் போன முடிகள் மூன்று நான்கு மாதம் கழித்து உதிர்கின்றன. வேர் சாகவில்லை, திரும்ப வளரும். புரதமும் இரும்புச் சத்தும் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் கையில் அந்தச் சுருளைப் பார்க்கும்போது மனசு கேட்கவில்லை. நாளைக்கு முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்ளப் போகிறேன்.

ஜூன் 8

முழங்கால் வலி பாதியாகக் குறைந்திருக்கிறது. நல்லவேளை, ஏனென்றால் நான் வருடக்கணக்காகப் போட்டுக்கொண்டிருந்த ஐபுபுரூஃபென், டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகள் இனி ஆயுளுக்கும் கூடாது. இரைப்பையையும் குடலையும் இணைத்த இடத்தில் புண் வரும். வலித்தால் பாராசிட்டமால்தான். எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டராக இருந்தாலும், முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

இந்த ஆபரேஷன் எங்கிருந்து வந்தது என்று படித்தேன். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்ற சர்ஜன் 1966-இல் முதன்முதலில் செய்திருக்கிறார். குடல்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை எடுத்தவர்கள் பிறகு எடை போடாமலே இருந்ததைப் பார்த்து வந்த யோசனை.

1987-இல் ஸ்வீடனில் தொடங்கிய நீண்ட கால ஆய்வைப் பற்றியும் படித்தேன். பைபாஸ் செய்தவர்கள் முதல் ஓரிரு வருடங்களில் சராசரியாக உடல் எடையில் 32 சதவீதம் இழந்தார்கள், பத்தாவது வருடத்தில் அது 25 சதவீதத்தில் நின்றது. கொஞ்சம் திரும்ப வரும் என்று அர்த்தம். எனக்கு இது பயத்தைத் தரவில்லை. இப்படி நேராகச் சொல்லும் கணக்குதான் எனக்கு வேண்டியிருந்தது.

போன வாரம் மதியம் சாப்பாட்டுக்கு முன் வயிற்றில் ஏதோ கிள்ளியது. என்னவென்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பசி. பயந்துபோனேன், ஓடி வந்துவிட்டதே என்று. அலாரம் அடித்தது. மீனும் காயும் சாப்பிட்டேன். சில வாயில் அடங்கிவிட்டது. அடங்கும் பசி எனக்குப் புதிது.

ஜூலை 12

ஆறு மாத ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. சுகர் மாத்திரை முழுவதுமாக நிறுத்தியாயிற்று, பிரஷருக்கு ஒன்று மட்டும். பி12 சரியாக இருக்கிறது. வைட்டமின் டி கொஞ்சம் கம்மி. இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் இறங்கியிருக்கிறது. இரும்பு பெரும்பாலும் உறிஞ்சப்படும் குடல்பகுதியையே பைபாஸ் தாண்டிவிடுகிறது என்பதால் மாதவிடாய் இருக்கும் பெண்களுக்கு இது அடிக்கடி வருமாம். டோஸைக் கூட்டியிருக்கிறார்கள்.

கால்சியமும் இரும்பும் ஒன்றையொன்று உறிஞ்ச விடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். அதனால் புது அட்டவணை: எழுந்ததும் இரும்பு, பத்து மணிக்குக் கால்சியம் சிட்ரேட், மதியம் மல்டிவைட்டமின், நான்கு மணிக்கும் இரவும் மறுபடி கால்சியம். இரும்பு எடுக்கும் நேரத்தில் காபி, டீ கிடையாது. மூன்று மாதம் கழித்து ஃபெரிட்டினை மறுபடி பார்ப்பார்கள். ஏறவில்லை என்றால் நரம்பு வழியாக ஏற்றுவதைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறார்கள்.