ஆம்புலன்ஸ் பயிற்சியில் என்னைத் தாக்குப்பிடிக்க வைத்தது

அவசர மருத்துவ டெக்னீசியன் பயிற்சியில் சேரும்போது எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: இது உயிர் காக்கும் உன்னதப் பணி. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நள்ளிரவு தாண்டி அழைப்பு வரும்போது அந்தப் பேச்சு யாரையும் எழுப்பிவிடுவதில்லை. கூடப் படித்தவர்களில் மிக ஆவேசமாகச் சேவையைப் பற்றிப் பேசியவர்கள்தான் சீக்கிரம் சோர்ந்துபோனார்கள்.

உடற்கூறு, மருந்துகள் போன்ற பாடங்களை எப்படியோ படித்துத் தேறிவிடலாம். ஆளைப் பிழிந்தெடுப்பது செய்முறைதான். சி.பி.ஆர்., அதாவது இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்திச் செய்யும் முதலுதவி, செய்யும்போது நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம் வேண்டும். பெரியவர்களுக்கு 5 செ.மீ. ஆழமாவது இறங்கணும், 6 செ.மீ. தாண்டக் கூடாது. ஒரு நிமிடம் போனாலே தோள் கெஞ்ச ஆரம்பிக்கும், நமக்கே தெரியாமல் ஆழம் குறையும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறச் சொல்வது அதனால்தான்.

அதைவிடப் படுத்தியது ஆம்பு பேக், மூச்சு விடாதவருக்கு மாஸ்க் வழியாகக் காற்றை உள்ளே தள்ளும் பை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாஸ்க்கை வளைத்துப் பிடிக்க, மீதி மூன்று விரல்கள் தாடை எலும்பைத் தூக்க வேண்டும். விரல் சற்று நழுவித் தாடைக்கு அடியில் இருக்கும் சதையில் அழுத்தினால் மூச்சுப்பாதையே அடைபடும். மாஸ்க்கை முகத்தில் அமுக்கத்தான் கை துடிக்கும். உண்மையில் தாடையை மாஸ்க்குக்குள் இழுத்துக் கொண்டுவர வேண்டும். பையை அமுக்கியதும் ஓரத்தில் புஸ்ஸென்று காற்று போகும். பயிற்றுநர் திட்டவே மாட்டார். "மார்பைப் பாருங்க" என்பார், அவ்வளவுதான். பயிற்சிப் பொம்மையின் மார்பு முதன்முறை ஒழுங்காக எழும்பிய அன்று கிடைத்த தெம்பு எந்த மேடைப் பேச்சிலும் கிடைத்ததில்லை.

அப்புறம் வண்டியில் ஏறியாயிற்று. பெரும்பாலான அழைப்புகளில் சினிமாத்தனம் எதுவும் இருக்காது. காய்ச்சல், வழுக்கி விழுந்தவர், சர்க்கரை இறங்கியவர். இதில் சர்க்கரை கேஸ் எனக்குப் பிடிக்கும். வாய் குழறி, சில சமயம் ஒரு பக்கம் கைகால் தளர்ந்து, பார்த்தால் பக்கவாதம் போலவே இருக்கும். விரலில் குத்திப் பார்த்தால் 70-க்குக் கீழே. விழுங்க முடிகிறவர் என்றால் குளுக்கோஸ் கொடுத்துக் காத்திருக்க வேண்டியதுதான். கொஞ்ச நேரத்தில் அவரே நிமிர்ந்து "நீங்கல்லாம் யாரு?" என்பார்.

மற்றவர்கள் விஷயத்தில் அப்படி இல்லை. மருத்துவமனையில் ஒப்படைத்ததும் கதவு மூடிக்கொள்ளும். பிழைத்தாரா, நாம் செய்தது சரியா, ஒன்றும் தெரியாது. சம்பளக் குறையைவிட இதுதான் ஆளை அரிக்கிறது என்பது என் கணிப்பு.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற உளவியலாளர்கள் உள்ளூக்கத்துக்கு, அதாவது உள்ளிருந்து தானாக வரும் ஊக்கத்துக்கு, மூன்று தேவைகளைச் சொல்வார்கள்: சுதந்திரம், திறமை, சக மனிதரோடு பிணைப்பு. எங்கள் வேலையில் முதலாவது கம்மி. வகுத்துவைத்த சிகிச்சை நெறிமுறையைத் தாண்டிக் கைவைக்க முடியாது. மற்ற இரண்டும் எனக்குக் கிடைத்தன, ஒரு மூத்த கூட்டாளியால். ஒவ்வொரு அழைப்பு முடிந்ததும் வண்டியைத் துடைத்துக்கொண்டே என்ன செய்தோம், எதை முதலில் செய்திருக்கலாம் என்று பேசுவார். அடுத்த முறை அந்த மருத்துவமனைக்குப் போகும்போது செவிலியரிடம் முந்தைய நோயாளி எப்படி இருக்கிறார் என்று விசாரிப்பார். சொல்லக்கூடியதை அவர்களும் சொல்வார்கள்.

இந்த வேலைக்கு வர நினைப்பவர்கள் சம்பளம், ஷிப்ட் எல்லாம் கேளுங்கள். கூடவே, கேஸ் முடிந்தபின் உட்கார்ந்து பேசும் வழக்கம் அங்கே உண்டா என்றும் கேட்டுவிடுங்கள்.