பாமிர் நெடுஞ்சாலை: ஓஷ் முதல் கோரோக் வரை

9 ஜூலை 2019, சாரி தாஷ், கிர்கிஸ்தான்

ஓஷ் நகரில் வாடகைக்கு எடுத்த சுசுகி டிஆர்650, 3,615 மீட்டர் உயரத் தால்திக் கணவாயைச் சிணுங்காமல் ஏறிவிட்டது. தெற்கே பனிமலைச் சுவர்; 7,134 மீட்டர் உயர்ந்து நிற்கும் லெனின் சிகரமும் அதில் அடக்கம். தஜிகிஸ்தான் விசாவோடு, அந்நாட்டின் தன்னாட்சிப் பகுதியான கோர்னோ-படாக்‌ஷானுக்கான தனி அனுமதிச் சீட்டும், வண்டி உரிமையாளர் எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரமும் உறையில் உள்ளன.

10 ஜூலை, காராகுல்

இரு நாட்டுச் சோதனைச் சாவடிகளுக்கும் இடையே ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தூரம் எவரும் பராமரிக்காத மண்பாதைதான். நடுவில் 4,280 மீட்டரில் கிசில்-ஆர்ட் கணவாய். என் கடவுச்சீட்டைப் பார்த்த நரைத்த காவலர் மிதுன் சக்கரவர்த்தியை நலம் விசாரித்தார். அதன்பின் சாலையோரமாகச் சோவியத் காலத்து முள்வேலி நெடுந்தூரம் கூடவே வருகிறது. அதற்கு அப்பால் சீனம் தொடங்குகிறது என்றுதான் எண்ணத் தோன்றும். உண்மையான எல்லை இன்னும் தொலைவில், மலைமுகட்டில் இருக்கிறது. காராகுல் ஏரி பழங்கால விண்கல் மோதிய பள்ளத்தில் தேங்கியது; வெளியேற வழியில்லாததால் நீர் உப்புக் கரிக்கிறது.

11 ஜூலை, முர்காப்

4,655 மீட்டர் உயர ஆக்-பைத்தால் கணவாயில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதியைவிடச் சற்றே கூடுதல். காற்று குறைந்தும் பெட்ரோல் குறையாததால் கார்ப்பரேட்டர் வண்டி திணறியது. இரண்டாம் கியருக்கு மேல் போக மறுத்தது. இறங்கிப் பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி அப்பியதுபோல் கறுத்திருந்தது. முர்காப்பில் பீப்பாயிலிருந்து வாளியில் அளந்து, புனலின் வாயில் துணி கட்டி, வடிகட்டித்தான் பெட்ரோல் ஊற்றுகிறார்கள். துணியில் தங்கிய மணலைப் பார்த்தபின், அந்தத் துணிக்கே தனியாகக் காசு கொடுக்கலாம் என்று தோன்றியது.

13 ஜூலை, லாங்கர்

ஹர்குஷ் கணவாயைத் தாண்டி, இராணுவச் சாவடியில் பெயரைப் பதிந்துகொண்டு இறங்கினால் பாமிர் ஆறு. எதிர்க்கரை ஆப்கானிஸ்தான், சில இடங்களில் கல்லெறி தூரம்கூட இல்லை. அங்கே இரட்டைத் திமில் ஒட்டகங்கள் மேய்ந்துகொண்டிருந்தன. லாங்கர் அருகே வாஹான் ஆறும் சேர்ந்து பஞ்ச் என்னும் பெயரில் ஓடுகிறது. பிரித்தானியப் பேரரசும் ருஷ்யப் பேரரசும் நேருக்கு நேர் முட்டிக்கொள்ளாதிருக்க 1873இலும் 1895இலும் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் இந்த ஆற்றை எல்லையாக்கின. இருகரையிலும் வாஹி மொழி பேசும், ஷியா பிரிவைச் சேர்ந்த இஸ்மாயிலி முஸ்லிம்களே வாழ்கிறார்கள் என்பது அவர்கள் கணக்கில் வரவில்லை.

தங்கிய வீடு மரபான பாமிரி வீடு. ஐந்து மரத்தூண்களுக்கும் முகம்மது, அலி, பாத்திமா, ஹசன், உசைன் என்று பெயர். கூரையின் நடுவில், ஒன்றன்மேல் ஒன்று திரும்பி அடுக்கிய நான்கு மரச் சதுரங்களின் வழியே வெளிச்சம் விழுகிறது. விடியற்காலையில் பாலும் உப்பும் வெண்ணெயும் சேர்த்த ஷிர்ச்சாய் என்னும் தேநீர் தந்தார்கள். அதில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டு ஊறவைத்துச் சாப்பிட வேண்டும். சர்க்கரைத் தேநீருக்குப் பழகிய நாக்கு முதலில் மிரண்டாலும், குளிரில் வண்டியோட்டுகிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான உணவு இல்லை.

16 ஜூலை, கோரோக்

இஷ்காஷிம் தாண்டியும் பஞ்ச் ஆறு விடாமல் உடன் வந்தது. எதிர்க்கரையில் பாறையைக் குடைந்த ஒற்றையடிப் பாதையில் கழுதையோடு போனவரைப் பார்த்துக் கையசைத்தேன், அவரும் அசைத்தார். ஊரையொட்டித் தேம் என்னுமிடத்தில், இஸ்மாயிலிகளின் தலைவரான ஆகா கானின் அமைப்பு தந்த உதவியால் 2002இல் திறந்த பாலம் இரு கரைகளையும் இணைக்கிறது. என் விசா பாலத்தின் இந்த முனையோடு சரி. நாளை செயினை இறுக்கி, ஏர் ஃபில்டரைக் கழுவிவிட்டு, துஷான்பே நோக்கிக் கிளம்ப வேண்டும்.