மாட வீதியில் மனிதர்கள்: வாட்டர்கலர் பயிற்சி

இந்த வார இறுதிக்கு எடுத்துக்கொண்டது மயிலாப்பூர் வடக்கு மாட வீதி, காலை வெயில், கிழக்கு பார்த்த காட்சி. கட்டடங்களும் கடைப் பந்தல்களும் சனிக்கிழமையே முடிந்தன. ஞாயிறு முழுக்க மனிதர்களுக்குத்தான். வீதிப்படம் எழுவதும் விழுவதும் அவர்களால்தானே.

காகிதம் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தடித்த தாள்) காட்டன், 11×15 அங்குலம். நுனி கூராகச் சேரும் 8ஆம் எண் ரவுண்டு பிரஷ் ஒன்றே போதும். சின்ன பிரஷ் கையில் இருந்தால் மூக்கு, விரல் என்று வரையத் தோன்றும், ஆள் பொம்மையாகிவிடுவார்.

முதலில் அடிவானக் கோடு, அதாவது நம் கண் மட்டத்தில் போகும் படுக்கைக் கோடு. நாம் நின்று பார்க்கும் காட்சி என்றால், சமதரையில் நிற்கும் பெரியவர்களின் கண்கள் ஏறக்குறைய அந்தக் கோட்டிலேயே விழும். தூரம் கூடக் கூடப் பாதம்தான் மேலே ஏறும். தூரத்து ஆளின் தலையைக் கோட்டுக்குக் கீழே வைத்தால் குழந்தையாகவோ பள்ளத்தில் நிற்பவராகவோ தெரிவார்.

நிற்பவரின் உயரம் ஏழரைத் தலை, அதாவது தலையின் உயரத்தைப்போல் ஏழரை மடங்கு. பெரும்பாலும் படம் கெடுவது தலை பெருத்துப்போவதால். கை நினைப்பதைவிடச் சிறிதாகவே வையுங்கள்.

வெயில் எதிரிலிருந்து வருவதால் உடம்பெல்லாம் நிழல். தலை உச்சியிலும் தோளிலும் மட்டும் மெல்லிய ஒளிக்கோடு. அங்கே காகித வெள்ளையை அப்படியே விட வேண்டும். பிறகு பூசினால் அந்தப் பளிச்சென்ற தன்மை வராது. தோலுக்கு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பில் கொஞ்சம் அல்ட்ராமரைன் என்ற ஆழ்ந்த நீலம். கறுப்பைக் கலந்தால் உயிரற்றுப்போகும். முகம் ஈரமாகப் பளபளக்கும்போதே சட்டை நிறத்தைத் தொட்டு வைத்தால் இரண்டும் இயல்பாகக் கலக்கும். பளபளப்பு அடங்கி அரை ஈரமாக இருக்கும்போது தண்ணீர் பிரஷ் பட்டால் ஓரம் நெளிந்து கறை விழும். அப்போது முழுதாகக் காயவிடுவதே நல்லது.

புடவையை ஒரே திரளாகப் போட்டு, மடிப்புக்கு ஓரிரு வெளிர் கீற்று விட்டால் போதும். நடப்பவருக்கு ஒரு காலைக் குட்டையாக விட வேண்டும். இரண்டு பாதமும் ஒரே மட்டத்தில் இருந்தால் நட்டுவைத்ததுபோல் நிற்பார். கால் முடியும் இடத்திலேயே, பிரஷை எடுக்காமல், நம்மை நோக்கி நீளும் நிழலையும் இழுத்துவிடுங்கள். ஆள் தரையில் ஊன்றுவது அந்த ஒரே இழுப்பில்தான்.

சேர்ந்து நடக்கும் இருவர் நன்றாக அமைந்திருக்கிறார்கள், தோள்கள் ஒரே நிறத்தில் ஒட்டிக்கொண்டதால். அடுத்தது, சம்மணமிட்டுப் பூக்கட்டும் பெண்கள். உட்கார்ந்தவரின் உச்சி, நிற்பவரின் உயரத்தில் பாதிக்குச் சற்று மேலே வரும். அந்த அளவைப் பென்சிலில் முதலில் குறித்தாயிற்று.