'டவுன்லோட் பெண்டிங்' என்று நிற்கும் பிளே ஸ்டோர்: எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

பிளே ஸ்டோரில் இன்ஸ்டால் பொத்தானை அழுத்தியாயிற்று. வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, ஆப் மட்டும் வந்தபாடில்லை. பக்கத்தில் இருப்பவரைக் கேட்டால் "போனை ரீசெட் பண்ணிடுங்க" என்பார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஓர் ஆப் போனுக்குள் வந்து சேர்வதற்குள் மூன்று கட்டங்களைத் தாண்டுகிறது. முதலில் வரிசையில் காத்திருக்கும், அடுத்து இறங்கும், அதன்பின் இன்ஸ்டால் ஆகும். எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைத் திரையில் உள்ள எழுத்தே சொல்லிவிடும். அதைப் படித்துவிட்டுக் கைவைத்தால் பெரும்பாலும் ஐந்து நிமிட வேலைதான்.

'டவுன்லோட் பெண்டிங்' என்று இருந்தால் இன்னும் ஒரு எம்பிகூட இறங்கவில்லை என்று பொருள். இதில் பாதிக்குமேல் கோளாறே இருக்காது. பிளே ஸ்டோர் பின்னணியில் வேறு ஆப்களை அப்டேட் செய்துகொண்டிருக்கும், உங்கள் ஆப் அவற்றுக்குப் பின்னால் நிற்கும். வலது மேல் மூலையில் உங்கள் படத்தைத் தொட்டு 'மேனேஜ் ஆப்ஸ் அண்ட் டிவைஸ்' என்பதற்குள் போய்ப் பாருங்கள். ஏதாவது பெரிய கேம் இறங்கிக்கொண்டிருந்தால் அதை நிறுத்துங்கள். உங்கள் ஆப் தானாகவே நகர ஆரம்பிக்கும்.

வரிசை காலியாக இருந்தும் நகரவில்லையா? அதே படத்தைத் தொட்டு செட்டிங்ஸ், நெட்வொர்க் பிரிஃபரன்சஸ், அதற்குள் 'ஆப் டவுன்லோட் பிரிஃபரன்ஸ்'. அங்கே 'ஓவர் வைஃபை ஒன்லி' என்று இருந்தால், மொபைல் டேட்டா எவ்வளவு மிச்சம் இருந்தாலும் பிளே ஸ்டோர் வைஃபைக்காகவே காத்துக் கிடக்கும். 'ஆஸ்க் மி எவ்ரி டைம்' என்று மாற்றிவிடுங்கள். அதன் கீழேயே இருக்கும் 'ஆட்டோ அப்டேட் ஆப்ஸ்' வேறு விஷயம். அதை வைஃபையிலேயே விட்டுவைப்பதுதான் நல்லது. இரண்டையும் குழப்பிக்கொண்டு மாற்றினால், ஒரு நாளைக்கு 1.5 ஜிபி பிளானில் இருப்பவருக்குக் காலையிலேயே டேட்டா காலியாகிவிடும்.

போன் செட்டிங்ஸில் டேட்டா சேவர் இயங்கினால் பின்னணியில் இறங்கும் எதையும் அது மடக்கும். பேட்டரி சேவரும் அப்படியே. இரண்டையும் அணைத்துவிட்டு ஒருமுறை முயன்று பாருங்கள்.

இனி, பாதியில் நிற்கும் சங்கதி. 37 சதவீதம் வரை வந்து அப்படியே நிற்கிறது என்றால் நெட்வொர்க்கைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். நம் ஊரில் அடிக்கடி நடப்பது, அன்றைய டேட்டா தீர்ந்துபோவது. பல பிரீபெய்டு பிளான்களில் தினசரி அளவு முடிந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். அதாவது நொடிக்கு வெறும் 8 கேபி. அந்த வேகத்தில் 100 எம்பி ஆப் இறங்க மூன்றரை மணி நேரம் ஆகும். வாட்ஸ்அப்பில் எழுத்துச் செய்திகள் போய்வந்துகொண்டிருப்பதால் 'நெட் நல்லாத்தானே இருக்கு' என்று தோன்றும், அதனால் பிளே ஸ்டோர் மேல் பழி விழும். எவ்வளவு டேட்டா மிச்சம் இருக்கிறது என்பதை உங்கள் சிம் நிறுவனத்தின் ஆப்பில் பார்த்துவிட்டு மேற்கொண்டு போங்கள்.

ரயில் நிலையம், மருத்துவமனை போன்ற இடங்களின் வைஃபையில் எண் கொடுத்து ஓடிபி போட்டால்தான் இணையம் திறக்கும். வைஃபை குறி தெரிகிறது என்பதற்காக இணையம் வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். பிரவுசரில் இதுவரை பார்க்காத ஏதாவது ஒரு தளத்தைத் திறந்தால் உண்மை தெரிந்துவிடும். விபிஎன் (இணைப்பை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் ஆப்) இருந்தால் அணையுங்கள். விளம்பரத்தைத் தடுக்க யாராவது 'பிரைவேட் டிஎன்எஸ்' போட்டுக் கொடுத்திருந்தால் அதை ஆட்டோமேட்டிக்குக்கு மாற்றுங்கள். பேட்டரி முழுக்கத் தீர்ந்து கிடந்த பழைய போன் என்றால் தேதியையும் பாருங்கள். தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று போனே முடிவுசெய்து கூகுள் சர்வரோடு பேச மறுக்கும். தேதி, நேரம் இரண்டையும் நெட்வொர்க்கிலிருந்து தானாக எடுக்கும்படி வைத்தால் போதும்.

முழுவதும் இறங்கிவிட்டு 'இன்ஸ்டாலிங்' என்ற இடத்தில் திணறினால், பெரும்பாலும் இடம் போதவில்லை என்று பொருள். பிளே ஸ்டோரில் 80 எம்பி என்று போட்டிருக்கிறதே, போனில் 300 எம்பி இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. அந்த 80 என்பது சுருக்கிக் கட்டிய பொட்டலத்தின் அளவு. அதைப் பிரித்து வைக்கவும், உங்கள் போனின் பிராசஸருக்கு ஏற்பத் தயார்செய்யவும் கூடுதல் இடம் வேண்டும். அப்டேட் என்றால் புதியது ஏறி முடியும்வரை பழையதும் உள்ளேயே இருக்கும். ஒரு ஜிபிக்குக் குறைவாக இருந்தாலே நெருக்கடி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

படங்களை அழித்தும் இடம் கூடவில்லை என்ற புலம்பலுக்குக் காரணம் குப்பைத்தொட்டிதான். கூகுள் போட்டோஸில் அழித்த படம், பேக்கப் ஆனதாக இருந்தால் 60 நாட்கள், ஆகாததாக இருந்தால் 30 நாட்கள் அதன் 'பின்' பகுதியில் கிடக்கும். அதையும் காலிசெய்தால்தான் இடம் திரும்பக் கிடைக்கும். கேலரி ஆப்புக்கும் பைல் மேனேஜருக்கும் தனித்தனியே இப்படித் தொட்டி இருக்கும். வாட்ஸ்அப்பில் இன்னொரு பதுக்கல் உண்டு: நீங்கள் அனுப்பும் வீடியோக்களின் நகல், வீடியோ கோப்புறைக்குள் 'சென்ட்' என்ற பெயரில் சேர்ந்துகொண்டே போகும். கேலரியில் இது கண்ணில் படாது. வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'மேனேஜ் ஸ்டோரேஜ்' திறந்து பெரிய கோப்புகளிலிருந்து ஆரம்பியுங்கள். 32 ஜிபி போனில் இந்த ஒரு வேலை போதும், பல ஆப்களுக்கு வழி பிறக்கும்.

இத்தனையும் சரியாக இருந்தும் நகராவிட்டால்தான் கேஷ் (ஆப் தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும் தகவல்) பக்கம் போக வேண்டும். போன் செட்டிங்ஸ், ஆப்ஸ், கூகுள் பிளே ஸ்டோர். முதலில் 'ஃபோர்ஸ் ஸ்டாப்', பிறகு ஸ்டோரேஜுக்குள் 'கிளியர் கேஷ்'. போனை ஒருமுறை அணைத்து எழுப்பிப் பாருங்கள். தேறாவிட்டால் 'கிளியர் டேட்டா'. இதனால் உங்கள் ஆப்களோ படங்களோ அழியாது. பிளே ஸ்டோரில் பிள்ளைகளுக்காக வைத்த கட்டுப்பாடும் மற்ற அமைப்புகளும் மட்டும் பழைய நிலைக்குப் போகும், அவற்றைத் திரும்ப வையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் அதே பக்கத்தின் மூன்று புள்ளியில் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்'. பிளே ஸ்டோர் போனோடு வந்த பழைய பதிப்புக்குப் போய், சில நிமிடங்களில் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் எதையும் இறக்க முயலாமல் பொறுத்திருங்கள்.

அதே ஆப்ஸ் பட்டியலில் இருக்கும் 'கூகுள் பிளே சர்வீசஸ்' வேறு. அதில் கேஷை அழிக்கலாம், ஆனால் டேட்டாவை யோசிக்காமல் அழிக்காதீர்கள், போனில் சேமித்த பேமெண்ட் கார்டுகள் போய்விடலாம். அந்தப் பட்டியலில் 'ஷோ சிஸ்டம்' என்பதைத் தொட்டால் 'டவுன்லோட் மேனேஜர்' தெரியும். இடத்தை மிச்சம் பிடிக்க அதை டிசேபிள் செய்து வைத்தவர்களும் இருக்கிறார்கள், அது எனேபிளில் இருக்க வேண்டும். கூகுள் கணக்கை நீக்கிச் சேர்ப்பது கடைசி வழி. பாஸ்வேர்ட் கையில் இல்லாமல் அதில் இறங்க வேண்டாம்.

'யுவர் டிவைஸ் இஸ் நாட் கம்பேட்டிபிள்' என்று வந்தால் மேலே சொன்ன எதுவும் உதவாது. ஆப் கேட்கும் ஆண்ட்ராய்டு பதிப்பு உங்கள் போனில் இல்லை என்பதே வழக்கமான காரணம். வாட்ஸ்அப்பே மிகப் பழைய ஆண்ட்ராய்டு பதிப்புகளில் வேலை செய்யாது. சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்துவிட்டு ஊர் திரும்பியவர்களுக்கு இங்குள்ள சில வங்கி ஆப்கள் தெரியாமல் போவது, பிளே ஸ்டோர் கணக்கு இன்னும் அந்த நாட்டிலேயே இருப்பதால். ஆண்டுக்கு ஒருமுறைதான் நாட்டை மாற்ற முடியும். இந்திய கார்டு போன்ற ஒரு பணம் செலுத்தும் வழியும் வேண்டும். மாற்றிய பின் 48 மணி நேரம் வரை பொறுக்க வேண்டியிருக்கலாம்.

எந்தக் காரணமானாலும், பிளே ஸ்டோரில் வராத ஆப்பை வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பாக (ஆப்பை நேரடியாக ஏற்ற உதவும் கோப்பு) ஏற்றிக்கொள்ளாதீர்கள். போக்குவரத்து அபராதம், கல்யாணப் பத்திரிகை, வங்கி கேஒய்சி என்ற பெயர்களில் வரும் ஏபிகேக்கள் எஸ்எம்எஸ்ஸைப் படித்து ஓடிபியைத் திருடவே செய்யப்பட்டவை. கஸ்டமர் கேர் என்று சொல்லி 'இதை மட்டும் இன்ஸ்டால் பண்ணுங்க' என்று யாராவது போனில் கேட்டால் அழைப்பைத் துண்டியுங்கள். செட்டிங்ஸில் 'இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ்' திறந்து, வாட்ஸ்அப், குரோம் இரண்டுக்கும் அந்த அனுமதி அணைந்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ஏற்கெனவே ஏற்றிவிட்டீர்கள் என்றால் உடனே ஏரோபிளேன் மோடில் போட்டு, வைஃபையையும் அணைத்து, அந்த ஆப்பை நீக்குங்கள். நீக்கவிடாமல் அடம்பிடித்தால் சேஃப் மோடில் (போனோடு வந்த ஆப்கள் மட்டும் இயங்கும் நிலை) போனை எழுப்பி நீக்கலாம். பணம் போயிருந்தால் வேறொரு போனிலிருந்து 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் உங்கள் வங்கிக்கும் அப்போதே சொல்லிவிடுங்கள்.