அறுகம்பே ஜீப்பும் உகந்தை முருகனும்

முதலில் காசு விஷயம். தென்கிழக்குக் கரையிலுள்ள குமண தேசிய பூங்காவுக்குள் நடந்து போக விடமாட்டார்கள், ஜீப் வேண்டும். உள்ளூர்க்காரருக்கு நுழைவுச் சீட்டு பெரிய செலவில்லை. ஜீப் வாடகைதான் மடியைக் காலியாக்கும். பொத்துவில் பக்கத்துக் கடற்கரையான அறுகம்பேயில் வெள்ளைக்காரருக்குச் சொல்லும் விலையைக் கூசாமல் பதுளையிலிருந்து வருகிறவர்களிடமும் சொல்கிறார்கள். ஏறுவதற்கு முன்னமே கேளுங்கள்: சீட்டும் சேர்த்தா, வாகனக் கட்டணமும் வரியும் யார் தலையில், உள்ளே எத்தனை மணித்தியாலம்? "எல்லாம் சேர்த்துத்தான்" என்ற பதிலோடு புறப்பட்டால் கேற்றடியில் சண்டை நிச்சயம். ஆறு பேர் சேர்ந்தால் தாங்கும். இரண்டு பேருக்கு அது வீண் செலவு.

அடுத்த எரிச்சல், சிறுத்தைப் பைத்தியம். கால்தடம் கண்டதாக ஒருவர் போன் அடித்தால் போதும், எல்லா ஜீப்பும் புழுதி கிளப்பிக்கொண்டு ஓடும். குமணையின் பெருமை சிறுத்தையல்ல, அந்த வில்லு. ஏறத்தாழ 200 ஹெக்டேயர் கண்டல் சதுப்பு. குமுக்கன் ஆற்றுத் தண்ணீர் ஒடுங்கிய கால்வாய் வழியாக அதற்குள் வரும். ஏப்ரல் முதல் ஜூலை வரை கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, கரண்டிவாயன் எல்லாம் கூடு கட்டும். நாட்டிலேயே அரிதான கருங்கழுத்து நாரையைக் காண வாய்ப்புள்ள இடங்களில் இதுவும் ஒன்று. "வில்லடியில் ஒரு மணித்தியாலம் நிற்க வேண்டும், எஞ்சினை நிறுத்த வேண்டும்" என்று முதலே பேசிவிடுங்கள். யுத்தத்தால் 1985 இலிருந்து 2003 வரை பூட்டிக் கிடந்த காடு. முன்பு கிழக்கு யால, 2006 இல்தான் குமண என்று பெயர் மாறியது.

ஜீப்புக்குக் காசில்லையா? கவலையே வேண்டாம், பூங்கா வாசலோடு ஒட்டியிருக்கும் உகந்தை முருகன் கோயிலுக்குச் சீட்டே இல்லை. கல் ஓடத்தில் முருகன் வந்திறங்கிய கரை என்பது ஐதீகம். அடிவாரத்தில் அவர், பாறைக்கு மேலே சுனைகளுக்கு நடுவே வள்ளி. வேடர் வளர்த்த பெண்ணல்லவா! கதிர்காமத்துப் பூசகர்களான கப்புறாளைமார் தங்களை வேடர் வழி என்றே சொல்வார்கள். வாய் கட்டி, திரைக்குப் பின்னால், மந்திரமில்லாமல் நடக்கும் அந்தப் பூசையைப் பார்த்தவர்களுக்கு அது புரியும். ஆனால் வேடர் என்றால் உள்நாட்டு வேடர் கிராமமான தம்பானையோடு நிறுத்திவிடுகிறோம். மட்டக்களப்பு வாகரைப் பக்கம் கடலில் மீன் பிடித்து, தமிழ் பேசி வாழும் கரையோர வேடரைப் பற்றி நம் மலைநாட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆடிவேல் காலத்தில் காட்டுப்பாதை திறந்ததும் உகந்தையிலிருந்து குமுக்கன், வியாழை, கட்டகாமம் வழியாகக் கதிர்காமம் வரை பாத யாத்திரை போகும். அப்போது தங்க இடம் தேடாதீர்கள், கிடைக்காது.

போகும் வழி: பதுளையிலிருந்து மொனராகலை, அங்கே பஸ் மாறி சியம்பலாண்டுவ, லாகுகலை, பொத்துவில். லாகுகலைக் குளத்தடியில் யானை நின்றால் பஸ் யன்னலிலிருந்தே தெரியும், இலவசம். இடையில் மண்சட்டித் தயிரும் கித்துள் பாணியும் கண்டால் விடாதீர்கள். நுவரெலியாவில் கொடுக்கும் விலைக்கு இங்கே வயிறு நிறையும்.

பொத்துவிலிலிருந்து பாணமைக்குப் பஸ் குறைவு, அதற்கப்பால் ஓட்டோதான். போகவரச் சேர்த்துப் பேசி, காத்து நிற்கச் சொல்லுங்கள். திரும்பி வர வேறு வண்டி கிடைக்காது. பாணமை–உகந்தை வீதியில் பொழுது சாயும்போது யானை இறங்கும். நாலரைக்கே கிளம்பிவிடுங்கள்.